கேள்விக்குக் கூலி கொடுப்பவர் யார்?

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் மூதுரை. நன்றி மறவாமையை வலியுறுத்தும் நல்லுரை அது. ஆயினும் அறிவுத் துறையில் அந்த உரைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. உப்பிட்டவரை நினைக்கும் நெஞ்சு, உப்பிட்டவருக்கு உவப்பில்லாத உண்மையைச் சொல்லத் தயங்கும். ஆகவே, ஆராய்ச்சி செய்யும் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ நான்கைந்து ஆண்டுகள் உப்பிடுபவர் யார் என்னும் கேள்வி வெறும் பணக் கணக்கன்று. அது உண்மையைப் பற்றிய கேள்வியுமாகும்.

செயற்கை நுண்ணறிவையும் மனிதனின் தன்னுரிமையையும் பற்றிப் பேசாத மேடை இன்று அரிது. இயந்திரம் மனிதனை ஆளுமா என்று பள்ளிப் பேச்சுப் போட்டியிலும் வினவுகின்றனர். பேராலயத் திருவிழா மறையுரையிலும் வினவுகின்றனர். மேடையில் சில நிமிடங்கள் பேசுவது எளிது. அதே பொருளை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, சான்று தேடி, மறுப்புகளுக்கு விடை கூறி, முனைவர் பட்ட ஆய்வாக முடிப்பது அரிது. அந்த ஆண்டுகளில் ஆய்வாளர் உண்ண வேண்டும்; வாடகை கொடுக்க வேண்டும்; நூல்கள் வாங்க வேண்டும்; ஊரில் உள்ள பெற்றோருக்கும் ஏதேனும் அனுப்ப வேண்டும். அச்செலவை ஏற்பவர் யார்? ஏற்பவரே கேள்வியின் வடிவத்தையும் வகுத்துவிடுகின்றாரா? இத்திங்கள் இதனையே ஆராய விழைகிறோம்.

தன்னுரிமை என்பது யாது?

தன்னுரிமை என்றவுடன், மனம் போன போக்கில் நடப்பது என்று சிலர் பொருள் கொள்வர். திருச்சபையின் படிப்பினை அதுவன்று. படைத்த இறைவன் மனிதனை அவன் எடுக்கும் முடிவுகளுக்கு அவனையே பொறுப்பாளியாக்கினார் என்று சீராக் ஞானநூல் உணர்த்துகிறது. வாழ்வையும் சாவையும் மக்கள் முன் வைத்த மோசே, தேர்ந்துகொள்ளும் பொறுப்பை அவர்களிடமே விட்டார். நாசரேத்துக் கன்னியிடம் வானதூதர் வந்தபோது, மீட்பின் திட்டமே ஓர் இளம்பெண்ணின் இசைவுக்காகக் காத்து நின்றது. எல்லாம் வல்லவர் தம் வல்லமையால் அவரை வளைக்கவில்லை. கேட்டார், விடைக்காகக் காத்திருந்தார். 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு மனச்சான்றுக்கும் மனித விடுதலைக்கும் அத்துணை உயர்ந்த இடம் அளித்ததும் இவ்வடிப்படையில்தான்.

இப்படிப்பினையை மூன்று சொற்களில் அடக்கலாம்: அறிதல், தேர்தல், விடைகூறுதல். ஒருவனைப் பற்றி எடுக்கப்படும் முடிவின் காரணத்தை அவன் அறிய வேண்டும். மாற்று வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள அவனுக்கு இடம் வேண்டும். எடுத்த முடிவுக்கு யாரேனும் ஒரு மனிதர், இறைவன் முன்னும் மக்கள் முன்னும், விடைகூற வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் தன்னுரிமை ஊனமுறும். இயந்திரம் எவ்வளவு விரைவாகக் கணக்கிடுகிறது என்பதைவிட, இம்மூன்றையும் அது என்ன செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நெதர்லாந்து கற்ற பாடம்

கேள்வி வானத்தில் மிதப்பதன்று. வீட்டு வாசலுக்கே வருவது. அதனைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று ஐரோப்பாவின் நெதர்லாந்து நாட்டில் நடந்தது.

அந்நாட்டில் தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் வீடுகளில், குழந்தைகளைக் காப்பகத்தில் விடும் செலவின் ஒரு பகுதியை அரசு உதவித்தொகையாக அளிக்கிறது. அதனை வழங்கும் பொறுப்பு அக்காலத்தில் வரித்துறையினுடையதாக இருந்தது. பொய்க் கணக்குக் காட்டிப் பணம் பெறுவோரைக் கண்டுபிடிக்க, 2013ஆம் ஆண்டு முதல் அத்துறை, தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல் ஒன்றைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்நிரல் எடைபோட்டு, ‘இவர்மீது ஐயம் மிகுதி’ என்று மதிப்பெண் இட்டது. மதிப்பெண் இட அது பார்த்த குறிப்புகளுள் விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை பெற்றவரா இல்லையா என்பதும் ஒன்று. குறைந்த வருவாய் உடையோரும் ஐயத்திற்கு இலக்காயினர்.

ஐயத்திற்கு உள்ளானவரின் விண்ணப்பம் ஓர் அலுவலரின் மேசைக்கு வரும். அவர் அதனைத் தம் கையால் ஆராய வேண்டும். ஆனால் அவ்விண்ணப்பம் ஏன் தம்மிடம் வந்தது என்பது அவருக்கே தெரியாது. நிரல் மதிப்பெண்ணைத் தந்தது; காரணத்தைத் தரவில்லை. சட்டமோ கடுமையானது. ஒரு கையெழுத்து விடுபட்டிருந்தாலும், தாம் செலுத்த வேண்டிய சிறு பங்கில் குறை இருந்தாலும், பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் பல ஆண்டுகள் அக்கடுமையை ஏற்று, 2019இல்தான் தன் நிலையை மாற்றிக்கொண்டது. பல பல்லாயிரம் யூரோ திருப்பித் தரும்படி ஆணை வந்த வீடுகளில் கடன் ஏறிற்று, வீடு போயிற்று, மணவாழ்வு முறிந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்க்கப்பட்டதாக அரசின் புள்ளியியல் நிறுவனமே 2021இல் அறிவித்தது.

2020 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. முன் எப்போதும் கண்டிராத அநீதி என்று பொருள்படும் தலைப்பையே அதற்கு இட்டது. 2021 சனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை முழுவதும் பதவி விலகியது. அதே ஆண்டு டிசம்பரில், குடியுரிமைக் குறிப்பை முறைகேடாகப் பயன்படுத்தியமைக்காக, தனியுரிமைக் காப்பு ஆணையம் வரித்துறைக்கு 27.5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

நாம் மேலே கூறிய மூன்று சொற்களை இங்கே வைத்துப் பார்ப்போம். தம்மீது ஏன் ஐயம் விழுந்தது என்பதைப் பெற்றோர் அறியவில்லை, அறிதல் போயிற்று. கடன் கட்டுவதன்றி வேறு வழி அவர்களுக்கு இல்லை, தேர்தல் போயிற்று. அலுவலர் நிரலைக் காட்டினார், நிரல் வாய் திறக்கவில்லை, விடைகூறுதலும் போயிற்று. பெற்றோரின் தன்னுரிமை மட்டுமன்று, மேசையில் அமர்ந்திருந்த அலுவலரின் தன்னுரிமையும் இழக்கப்பட்டது என்பதே ஈண்டு நாம் நோக்கத்தக்கது. எல்லாப் பழியும் இயந்திரத்தினுடையது என்று நாம் சொல்லவில்லை. கொடிய சட்டமும் கேளாச் செவிகளும் ஏற்கெனவே இருந்தன. இயந்திரம் அவற்றுக்கு வேகமும் மௌனமும் அளித்தது.

இத்தகைய தீங்குகளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 2024 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்துள்ளது. இடர் மிகுந்த கருவிகள்மீது மனிதரின் மேற்பார்வை இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறிகளுள் ஒன்று. நல்ல நெறிதான். ஆனால், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கோப்புகளைப் பார்க்கும் ஓர் அலுவலர், கணினி சொன்னதை உண்மையிலேயே எடைபோடுகிறாரா, அல்லது ஒப்பம் மட்டும் இடுகிறாரா? எந்தச் சூழலில் மனிதர் கணினியை மறுத்துரைக்கத் துணிகின்றனர்? எந்தச் சூழலில் அடங்கிப் போகின்றனர்? இவற்றுக்குச் சட்டத்தின் எழுத்தில் விடை இல்லை. அலுவலகங்களில் அமர்ந்து பார்த்து, மக்களிடம் கேட்டு, மெய்யியலும் சட்டமும் உளவியலும் கற்று, யாரேனும் ஆராய வேண்டும். அந்த ‘யாரேனும்’ பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்தாம்.

படியளப்போர் பலவகை

அவர்களுக்குப் படியளப்போர் யாவர்? நெதர்லாந்திலேயே தொடங்குவோம். அங்கு முனைவர் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சம்பளம் பெறுபவர். அந்நாட்டு அரசு நெடுங்கால ஆய்வுகளுக்கென நடத்தும் திட்டம் ஒன்றின்கீழ், புதிய தொழில்நுட்பங்கள் மனிதன், இயற்கை, மக்களாட்சி ஆகிய அடிப்படைக் கருத்துகளையே எவ்வாறு குலைக்கின்றன என்பதை ஆராய, 2020இல் பத்தாண்டுப் பணி ஒன்று தொடங்கிற்று; அதற்கு ஏறத்தாழ 1.8 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. பின்னர், நீதித்துறை, மருத்துவம், செய்தி ஊடகம் ஆகியவற்றில் கணினி முடிவெடுக்கும்போது பொதுநலன் என்னாகிறது என்பதை ஆராய, ஆம்ஸ்டர்டாம் உள்ளிட்ட ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு 2 கோடி யூரோவுக்கு மேல் வழங்கப்பட்டது. தன் வரித்துறையும் நீதிமன்றமும் தவறியதைக் கண்ட நாட்டில், அரசின் பணத்தைப் பெற்றே அரசின் செயல்களை ஆராயும் மாணவர்கள் உள்ளனர். இது போற்றத்தக்கதன்றோ?

சுவீடனில் வழி சற்று வேறு. அங்கே வாலன்பெரி என்னும் தொழிலதிபர் குடும்பத்தின் அறக்கட்டளைகள் செயற்கை நுண்ணறிவைக் கட்டியெழுப்பும் ஆய்வுக்கு 2015 முதல் பெரும்பொருள் வழங்கி வருகின்றன. அதே குடும்பத்தின் மற்றோர் அறக்கட்டளை, அந்நுண்ணறிவால் மனிதருக்கும் சமுதாயத்திற்கும் நேர்வது யாது என்பதை மெய்யியலார், வரலாற்றார், சட்ட அறிஞர், சமூகவியலார் ஆராயும்பொருட்டு, 2019இல் 66 கோடி குரோனர் வரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கட்டுவதற்குக் கொடுத்த தொகை, கேட்பதற்குக் கொடுத்ததைவிடப் பல மடங்கு மிகுதி. எனினும், கட்டுபவனுக்குக் கொடுக்கும் கை, கேட்பவனுக்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பிறந்ததே நன்று.

மூன்றாவது வழி, கருவியைச் செய்து விற்கும் நிறுவனமே ஆய்வுக்குப் பணம் தருவது. 2019 சனவரியில் பேஸ்புக் நிறுவனம், செயற்கை நுண்ணறிவின் அறநெறியை ஆராய, செருமனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு 75 இலட்சம் டாலர் அறிவித்தது. ஆய்வு தன்னுரிமையோடு நடைபெறும் என்று இரு தரப்பும் கூறின. ஆயினும், ஆராயப்பட வேண்டியவரே ஆராய்பவருக்குப் படியளக்கலாமா என்ற கேள்வி அந்நாட்டில் எழவே செய்தது. ஆய்வாளர் கெட்டவர் என்பதன்று இக்கேள்வியின் பொருள். நல்லவரும் நாளை கிடைக்கும் நல்கையை நினைத்து இன்று ஒரு சொல்லை விழுங்கக்கூடும் என்பதே.

படித்து முடித்தவர் போகும் இடமும் ஈண்டு கருதத்தக்கது. வட அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம் பெற்றோருள், 2011இல் ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் தொழில் நிறுவனங்களுக்குச் சென்றனர். 2022இல் அது ஏறத்தாழ 71 விழுக்காடாயிற்று. மாணவனுக்குக் கற்பித்து, குறை கண்டு, ‘ஏன்?’ என்று கேட்கும் பேராசிரியர் இருக்கை நிறைவதற்கு முன்னே வணிகத்தின் இருக்கை நிறைந்துவிடுகிறது.

அவ்விருக்கையின் மதிப்பை உணர்த்தும் ஒருவரை நினைவுகூர்வோம். செருமனியில் 1923இல் பிறந்து, யூதராதலின் நாட்டைவிட்டு நீங்க நேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ஜோசப் வைசன்பாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது, மனிதரோடு உரையாடுவது போல் எழுத்தில் விடை தரும் ‘எலைசா’ என்னும் நிரலை அமைத்து, 1966இல் அதனை விளக்கி எழுதினார். அது எதனையும் புரிந்துகொள்ளாத எளிய நிரல் என்று அறிந்தவர்களும் அதனிடம் மனந்திறந்து பேச விழைந்ததைக் கண்டு அவர் திடுக்குற்றார். கணினி கணக்கிட்டு முடிவு சொல்லலாம். ஆனால் நன்மை தீமை அறிந்து தேர்வது மனிதனுக்கே உரியது. செய்ய முடிந்தாலும் கணினியிடம் ஒப்படைக்கக் கூடாத பணிகள் உண்டு என்று 1976இல் ஒரு நூலே எழுதினார். அவர் பணியாற்றிய கணினித் திட்டத்துக்கு அந்நாட்டின் பாதுகாப்புத் துறை பணம் தந்துகொண்டிருந்தது. ஆயினும் அத்துறைக்கும் தம் தோழர்களுக்கும் கசப்பானதை அவரால் கூற முடிந்தது. அவருடைய துணிவு ஒரு காரணம். எவராலும் எளிதில் அகற்ற இயலாத நிலையான பேராசிரியர் பதவியில் அவர் இருந்தார் என்பது மற்றொரு காரணம். ஆண்டுதோறும் உதவித்தொகையைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கும் இருபத்தைந்து வயது மாணவருக்கு அப்பாதுகாப்பு ஏது?

நான்கு கேள்விகள்

ஆகவே, பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு, எவ்வழியாக வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தம் மகனுக்கோ மகளுக்கோ ஆய்வு உதவித்தொகை கிடைத்துள்ளது என்று மகிழும் பெற்றோருக்கு, நாம் நான்கு கேள்விகளைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவது, ஆராயப்படும் கேள்வியை வகுத்தவர் யார்? கொடுப்பவர் பொதுவான துறையைச் சொல்லலாம். கேள்வியை ஆய்வாளரும் அவர்தம் நெறியாளரும் வகுக்க வேண்டும்.

இரண்டாவது, ஆய்வாளரைத் தெரிவு செய்பவர் யார்? அத்துறையைக் கற்ற அறிஞர் தெரிவு செய்தல் நன்று. பணம் தருபவரின் அலுவலகம் செய்தல் நன்றன்று.

மூன்றாவது, முடிவை முதலில் பார்ப்பவர் யார்? வெளியிட வேண்டாம் என்று தடுக்கும் உரிமை எவருக்கேனும் ஒப்பந்தத்தில் உண்டா?

நான்காவது, முடிவு கசப்பாயின் படி நிற்குமா?

இந்நான்கிற்கும் நல்ல விடை கிடைக்குமாயின், பணம் அரசிடமிருந்து வந்தாலும் வணிகரிடமிருந்து வந்தாலும் ஏற்கலாம். விடை மழுப்பலாயின், தொகை எவ்வளவு பெரிதாயினும் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மனிதனின் தன்னுரிமையை ஆராயச் சென்றவர் தம் தன்னுரிமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுச் செல்வாராயின், அவ்வாய்வு யாருக்குப் பயன்படும்?

நம் நாட்டின் நிலை

நம் நாட்டிலும் இக்கேள்வி உரியதே. மைய அரசு 2024 மார்ச்சுத் திங்களில், இந்தியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்திற்கு 10,300 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்தது. பாதுகாப்பான, நம்பத்தகுந்த நுண்ணறிவு என்பது அத்திட்டத்தின் ஏழு தூண்களுள் ஒன்று. இது வரவேற்கத்தக்கது.

ஆய்வாளருக்கு அளிக்கும் தொகையைப் பார்க்குமிடத்து ஒரு வேறுபாடு தெரிகிறது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கென 2018இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஆய்வு உதவித்தொகைத் திட்டம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் திங்கள்தோறும் 70,000 ரூபாய் என வகுத்தது. மெய்யியலோ சமூகவியலோ ஆராயும் மாணவர் தேசியத் தகுதித் தேர்வில் வென்று பெறும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, 2023 சனவரி முதல் உயர்த்தப்பட்ட பின்னும் 37,000 ரூபாய். தேர்வு எழுதுவோருள் அதனைப் பெறுவோரும் சிலரே. கருவியைச் செய்பவருக்கு ஒரு படி. அக்கருவி மனிதனை என்ன செய்யும் என்று கேட்பவருக்கு அரைப்படி. மேலும், கிறிஸ்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் முனைவர் பட்டம் பெறத் துணைநின்ற மௌலானா ஆசாத் உதவித்தொகைத் திட்டம் 2022-23ஆம் ஆண்டிலிருந்து நிறுத்தப்படுவதாக, 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நம் பங்குகளிலுள்ள ஏழைக் குடும்பத்துப் பட்டதாரி ஒருவர் மேற்கொண்டு ஆராய விரும்பினால், ஏறிச் செல்லப் படிக்கட்டுகள் முன்னிலும் குறைவு.

ஏழை மாணவர் இல்லம்

இவ்விடத்தில் திருச்சபை தன் பழைய நினைவு ஒன்றை மீட்டெடுத்தல் நன்று. 13ஆம் நூற்றாண்டில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் தெ சொர்போன் என்னும் குரு பிரான்சு நாட்டு அரசர் புனித 9ஆம் லூயியின் ஆன்ம குருவானார். துறவற சபையினருக்குப் பாரிசில் மடங்கள் இருந்தன. உணவும் உறைவிடமும் கிடைத்தன. சபை எதையும் சாராத ஏழைக் குருக்கள் இறையியல் கற்க வந்தால் தங்க இடமில்லை. அவர்களுக்காக அவர் 1257ஆம் ஆண்டளவில் ஓர் இல்லம் அமைத்தார். வசதியுள்ளவர் தம் செலவைத் தாமே ஏற்றனர். வசதியற்றவருக்கு இல்லமே படியளந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சொர்போன் என்னும் பெயர், இங்ஙனம் ஒரு குருவின் கல்வி உதவியிலிருந்து பிறந்ததாகும்.

அதே பாரிசுப் பல்கலைக்கழகத்தின் மற்றொரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1431இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க் விசாரிக்கப்பட்டபோது, பாரிசு நகரம் ஆங்கிலேயர் சார்பாளரின் கையில் இருந்தது. அப்பல்கலைக்கழகத்தின் இறையியலாரும் சட்ட அறிஞரும் அவ்விளம்பெண்ணுக்கு எதிராகக் கருத்துரைத்தனர். அவர் எரிக்கப்பட்டார். 1456இல் அத்தீர்ப்பு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கற்றவர் பலர் ஆள்பவர் பக்கம் சாய்ந்து நிற்க, எழுதப் படிக்க அறியாத பத்தொன்பது வயதுப் பெண் தன் மனச்சான்றின் குரலுக்குச் செவிசாய்த்து நின்றாள். படியளப்பவர் முகம் பார்க்கும் சோதனை வணிகரிடம் கூலி பெறுவோருக்கு மட்டும் உரியதன்று. இறையியலாருக்கும் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எனவே, மேற்கூறிய நான்கு கேள்விகளும் நாம் கொடுக்கும் பணத்திற்கும் பொருந்தும். திருச்சபைக்கு இனிப்பதை மட்டும் எழுது என்று நாம் நல்கை அளித்தால், நாமும் அவ்வரிசையிலேயே நிற்போம். உண்மை எவர் வாயினின்று வரினும் அதனை அஞ்சாதிருத்தலே விசுவாசத்தின் அடையாளம்.

நாம் செய்யத்தக்கது

திருச்சபை இத்துறையில் உறங்கியிருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் வாழ்வுக்கான திருப்பீடக் கழகம், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு உரோமையில் அறநெறி அழைப்பு ஒன்றை வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 சூன் 14 அன்று இத்தாலியில் கூடிய ஏழு பெருநாடுகளின் தலைவர்கள் முன்னிலையில், முடிவெடுக்கும் பொறுப்பு மனிதனிடமே இருக்க வேண்டும் என்று வாதாடினார். 2025 சனவரி 28 அன்று திருப்பீடத்தின் இரு துறைகள் ‘பழையதும் புதியதும்’ என்று பொருள்படும் தலைப்பில் இதனைப் பற்றி விரிவான ஏடு ஒன்றை வெளியிட்டன. அவ்வாண்டு மே திங்களில் தலைமைப் பொறுப்பேற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, தம் பெயரைத் தெரிவு செய்த காரணங்களுள் முதன்மையாக, 1891இல் தொழிலாளர் உரிமைக்குக் குரல் கொடுத்த 13ஆம் லியோவை நினைவுகூர்ந்தார். நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை அவர். அன்று தொழிற்சாலை எழுப்பிய கேள்வியை இன்று செயற்கை நுண்ணறிவு எழுப்புகிறது என்பது அவரது கருத்து.

ஏடுகள் வழிகாட்டும், வழியில் நடப்பவர் வேண்டும். ஆதலின் நம் குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் மூன்று சொல்ல விரும்புகிறோம்.

மெய்யியல், சட்டம், சமூகவியல், உளவியல் ஆகியவற்றை மேற்படிப்பாகத் தேர்ந்துகொள்ளும் பிள்ளையிடம், ‘இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அக்கவலை நியாயமானதே, ஆனால் அது உரையாடலின் முடிவாக வேண்டாம். கணினியைக் கற்கும் பிள்ளையிடமோ, தான் செய்யும் கருவி யாருடைய வாசலில் போய் நிற்கும் என்று எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

குருமாணவர் கல்விக்கென நம் மக்கள் நிதி நிறுவும் வழக்கம் உண்டு. பெற்றோர் நினைவாகவும், மண வெள்ளிவிழாவின் நன்றியாகவும் கொடுப்பர். நம்மைப் போன்ற குருக்கள் பலர் குருமடத்தில் உண்ட உணவும் பயின்ற நூலும் அத்தகைய முகமறியா மக்களின் கொடையே. அதே முறையில், பொதுநிலையினர் ஒருவர் இத்தகைய கேள்வியை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டம் வரை கற்க, ஒரு மறைமாவட்டமோ, சில பங்குகள் இணைந்தோ, நம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கமோ நிதி நிறுவலாகாதா? சொர்போன் இல்லமும் ஓர் எளிய வீட்டில்தான் தொடங்கியிருக்கும். தெரிவு செய்யும் பொறுப்பை அத்துறை அறிந்தவரிடம் விடுங்கள். மாணவர் நம் சமயத்தவராயினும் அல்லராயினும், கேள்வி நேர்மையானதாயின் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறுதியாக, கொடுத்த பின் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நாசரேத்தில் இறைவன் கேட்டுவிட்டுக் காத்திருந்தது போல, கொடுப்பவரும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கற்க வேண்டும். ஆய்வாளர் நான்கு ஆண்டுகளுக்குப் பின் கொண்டுவரும் முடிவு நமக்கு மகிழ்ச்சி தரலாம். நம் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கணினியின் சொல்லை எவ்வளவு கண்மூடி ஏற்கின்றன என்று நம்மையே சுட்டிக்காட்டவும் செய்யலாம். அதனையும் மேசைமீது வைத்துப் படிக்கும் துணிவை, உண்மைக்கும் விடுதலைக்கும் உள்ள உறவைக் கற்பித்த ஆண்டவர் நமக்கு அருள்வாராக.